அடி அண்ணாமலையில் ஒரு அஷ்டமி

என்னங்க,

போன வாரம் காதர் பாய் கடைக்குச் சாம்பிராணி வாங்கப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கடைக்குள் கால் வைத்ததுமே குங்கிலிய வாசனை மூக்கில் ஏறிக்கொண்டது. பின்கட்டில் யாரோ உரலில் போட்டு இடித்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்கு அது பூஜை வாசனை. எனக்கு அது நாசமாய்ப்போன என் பால் பாத்திரத்தின் வாசனை. நின்ற இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. பாய் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஒக்காருங்கம்மா. தூளு கண்ணுல பட்டுடுச்சா?"

"தூளும் இல்ல, ஒண்ணும் இல்ல பாய். அவரு ஞாபகம் வந்துடுச்சு."

பாய் தராசுத் தட்டைத் துண்டால் துடைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சாரு மொத மொத குங்கிலியம் கேட்டு வந்தாரு இல்ல, வீட்ல என்ன சார் விசேஷம்னு கேட்டேன். விசேஷம் இல்ல பாய், கண்ணாடி தேய்க்கிறேன்னாரு. ஆளு நல்லாத்தான இருந்தாரு, என்ன ஆச்சுன்னு பயந்துட்டேன்."

நானும் சிரித்தேன். உங்களை நினைத்து அழுகிறவர்களை நீங்கள் அதிக நேரம் அழ விடுவதில்லை. அந்தக் குணம் மட்டும் இன்னும் மாறவில்லை.

வேலைக் காலமெல்லாம் நீங்கள் இருந்தது ஜவ்வாது மலை மேல். அங்கே இருக்கும் பெரிய தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைப்பது, பழைய முலாமை எடுத்துவிட்டுப் புது முலாம் பூசுவது, இதுதான் உங்கள் வேலை. வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவீர்கள். ராத்திரியெல்லாம் கண் விழித்த அலுப்பில், வந்ததும் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பீர்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து, தன் நிலத்தில் விளைந்த மல்லாட்டை மூட்டையோடு வந்த என் அப்பா, பட்டப்பகலில் குறட்டை விடும் மருமகனைப் பார்த்துவிட்டு என்னைச் சமையற்கட்டுக்குள் கூப்பிட்டுக் கேட்டார்: "உண்மையச் சொல்லும்மா, மாப்ள வாட்ச்மேன் வேலையா பாக்கறாரு?" அதை உங்களிடம் சொன்னபோது நீங்கள் கோபப்படவில்லை. "மாமா சொல்றது கரெக்ட்தான். வானத்துக்கு வாட்ச்மேன்" என்றீர்கள்.

ஓய்வு பெற்று வேங்கிக்கால் வீட்டுக்கு வந்ததும் மனிதர் கொஞ்சம் அடங்குவார் என்று நினைத்தேன். எங்கே! "ஊரான் கண்ணாடியவே தொடச்சிட்டிருந்தேன். இனிமே நமக்குன்னு ஒண்ணு தேய்க்கப் போறேன்" என்று சொல்லிப் பின்பக்கம் ஒரு தகர டிரம்மைக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். டிரம் மேல் ஒரு தடிமனான கண்ணாடி வட்டு. அதன் மேல் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே தண்ணீரும் தேய்ப்பு மணலும். தேய்ப்பு ஒரே பக்கமாக விழுந்துவிடக் கூடாது என்று, தேய்த்துக்கொண்டே டிரம்மைச் சுற்றிச் சுற்றி நடப்பீர்கள். காலையில் சுற்றுவீர்கள், சாயங்காலம் சுற்றுவீர்கள். பக்கத்து வீட்டு அம்சாக்கா மதில் மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சாரு, ஊரே மலையச் சுத்துது, நீங்க டிரம்மைச் சுத்துறீங்க. இதுக்கும் புண்ணியம் உண்டா?" என்று கேட்டார். "இருக்குக்கா, கண்ணு தெரியும்" என்றீர்கள்.

அப்புறம்தான் என் பால் பாத்திரத்துக்குக் கேடு வந்தது. கண்ணாடியை மெருகேற்றக் குங்கிலியத்தையும் தேன்மெழுகையும் சேர்த்து உருக்க வேண்டுமாம். நான் ஆபீஸ் போயிருந்த நேரமாகப் பார்த்து, பால் காய்ச்சும் பாத்திரத்திலேயே உருக்கினீர்கள். அதை நான் எத்தனை முறை புளி போட்டுத் துலக்கியும் வாசனை போகவில்லை. கோயில் கர்ப்பகிருகத்தில் காய்ச்சிய மாதிரி பால் குடித்தோம். மெருகுக்கு வைத்திருந்த செந்தூளையாவது தனியாக வைத்தீர்களா? அதுவும் இல்லை. பூஜை அலமாரி ஓரத்தில் ஒரு கிண்ணத்தில். அம்சாக்கா வந்தவர், சாமி கும்பிட்டுவிட்டு அதிலிருந்து விரல் நிறைய எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு போய்விட்டார். மூன்று நாள் கழுவியும் போகவில்லை என்று சண்டைக்கு வந்தார். "அக்கா, உங்க நெத்திய இப்ப டெலஸ்கோப்ல மாட்டலாம்" என்று சொல்லி நீங்கள் இன்னும் வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள்.

வீட்டில் முலாம் பூச வழியில்லை என்று அந்தக் கண்ணாடியைப் பெங்களூர்ப் பட்டறை ஒன்றுக்கு எடுத்துப்போனோம். பேருந்தில் கண்டக்டர், "மேல வைங்க சார்" என்றார். நீங்கள் மறுத்து, துண்டில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தீர்கள். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நமக்கு மடியில் வைத்துக்கொள்ள வேறொன்றும் வாய்க்கவில்லை. அதை நாம் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தோம்.

தொலைநோக்கி தயாரானது. மொட்டை மாடியில் வைத்து நீங்களும் நானும் பார்த்தோம். இரண்டு பேர் பார்த்துத் தீர்ந்துவிடுகிற சாமானா அது? "பௌர்ணமிக்கு ஊர் உலகமே நம்ம மலையச் சுத்த வருது. எல்லாரும் நிலாவுக்குக் கீழதான் நடக்கறாங்க, யாரும் நிலாவப் பாக்கறதில்ல" என்றீர்கள். அப்படித்தான் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம், டீக்கடைக்குப் பக்கத்தில் நம் கடை தொடங்கியது. காசு இல்லாத கடை.

முதல் நாளே செருப்போடு நின்று திட்டு வாங்கினீர்கள். "கிரிவலப் பாதையில செருப்பா? படிச்சவரு மாதிரி இருக்கீங்க!" என்று ஒரு பெரியம்மா பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து வெறுங்கால். அடுத்த பௌர்ணமிக்கு ஒருவர் தொலைநோக்கி நின்ற முக்காலியின் காலடியில் சில்லறை போட்டுக் கும்பிட்டார். இன்னொருவர் கற்பூரம் ஏற்றப் போய், "ஐயையோ, புகை கண்ணாடிக்கு ஆவாதுங்க!" என்று நீங்கள் அலறியது அண்ணாமலையாருக்கே கேட்டிருக்கும்.

ஆனால் அடி அண்ணாமலையில் ஒரு வில்லங்கம் இருந்தது. நிலா கிழக்கே எழும். நாம் மலைக்கு மேற்கே. மலை வழி விடுகிற வரைக்கும் நிலா தலையைக் காட்டாது. அதுவரை கூட்டத்தை நிறுத்தி வைக்க வேண்டுமே! அதற்காகத்தான் நீங்கள் கதை சொல்ல ஆரம்பித்தீர்கள். கப்பலில் வரும்போது கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்ட நம் ஊர்க்காரர் ஒருவர். வானத்தின் பிம்பம் என்று எல்லோரும் சொன்னதை நம்பாமல், ஒளி ஒரு பொருளுக்குள் போய் வரும்போது கொஞ்சம் நிறம் மாறி வருவதைக் கண்டுபிடித்தவர். இன்னொரு கப்பலில், இன்னொரு இளைஞர். கனமான நட்சத்திரம் செத்த பிறகும் சும்மா படுத்துக்கொள்ளாது, தனக்குள்ளேயே இடிந்து விழும் என்று கணக்குப் போட்டவர். அதைப் பெரிய சபையில் கேலி செய்தார்களாம். அவர் அசரவில்லையாம். வங்காளத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒருவர் ஒளியை எண்ணுவதற்கு ஒரு புது வழி கண்டுபிடித்து வெளிநாட்டுக்கு எழுதி அனுப்பினார். உலகத்தில் இருக்கிற துகள்களில் ஒரு பெரிய வகையே இன்று அவர் பெயரைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறது. மீனவர் குப்பத்தில் ஒரு தேவாலயத்தையே ஆபீஸாக வைத்து, சைக்கிளில் ராக்கெட் சாமான் கொண்டுபோனவர்கள். நிலாவில் தண்ணீரின் தடயத்தைத் தேடிக் கண்டவர்கள். கடைசியில் வடக்கே கையைக் காட்டுவீர்கள். "அந்தப் பக்கம் ஜவ்வாது மலை. யுரேனஸ் கிரகத்தைச் சுத்தி வளையம் இருக்குன்னு கண்டுபிடிச்சப்ப, உலகத்துல அதப் பாத்த சில எடத்துல நம்ம மலையும் ஒண்ணு." அதைச் சொல்லும்போது மட்டும் உங்கள் குரல் லேசாகத் தடிக்கும்.

பெயரை மட்டும் சொல்லவே மாட்டீர்கள். "யாரு சார் அவரு?" என்று கேட்டால், "போய்த் தேடிப் பாருங்க." எனக்கு எரிச்சலாக வரும். நான் பத்திரப் பதிவு ஆபீஸ்காரி. இனிஷியல் இல்லாமல், தகப்பனார் பெயர் இல்லாமல் எங்கள் மேஜையில் ஒரு காகிதம் நகராது.

"பேரச் சொல்லித் தொலைச்சா என்னவாம்?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"பேரச் சொன்னா கையத் தட்டிட்டுப் போயிடுவாங்க. வேலையச் சொன்னாத்தான் நிப்பாங்க" என்றீர்கள்.

ஒரே ஒருவருக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தீர்கள். டார்ஜிலிங் மலைமேல் புகைப்படத் தட்டுகளை வைத்து, வானத்திலிருந்து விழும் துகள்களின் தடத்தைப் பிடித்த பெண். அந்தம்மாவின் கதையைச் சொல்லிவிட்டு, முழுப்பெயரையும் சத்தமாகச் சொல்வீர்கள். கூட்டத்தில் இருக்கிற பெண்களைத் திருப்பிச் சொல்லச் சொல்வீர்கள். அது ஏன் என்று கேட்டேன். "மத்தவங்க பேரு தேடினா கெடைக்கும். இவங்க பேர ரொம்ப நாளு எல்லாரும் மறந்தே போயிட்டாங்க. தேடினாலும் கெடைக்காத பேர மட்டும் நாமதான் வாயால சொல்லணும்." இந்தப் பேச்சை நான் எதற்கு எழுதுகிறேன் என்று கடைசியில் உங்களுக்குத் தெரியும்.

பெயர் விஷயத்தில் என்னையும் விட்டுவைத்தீர்களா? ஆபீஸில் நாளெல்லாம் ஊரான் பெயரை எல்லாம் ஏலம் போடுகிறவள், கட்டின புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். எங்கள் வீட்டுப் பழக்கம் அப்படி. வடை வாங்கி வந்து உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பேரச் சொல்லு, தர்றேன்" என்பீர்கள். "உங்க வடையும் வேணாம், ஒண்ணும் வேணாம் போங்க" என்பேன். கடைசியில் வடை எனக்குத்தான் வரும். பெயர் வராது.

இனி அஷ்டமிக்கு வருகிறேன். மலை வழி விட்டு, நிலா மேலே வந்து, அத்தனை கதையும் கேட்டுவிட்டு ஜனங்கள் ஆசையாகக் கண்ணை வைப்பார்கள். வைத்ததும் முகம் சப்பென்று ஆகிவிடும். "என்ன சார், வெள்ளையா தட்டு மாதிரி இருக்குது?" அவர்கள் மேல் தப்பில்லை. பௌர்ணமியன்று வெயில் நேராக விழுகிறது. நிழலே கிடையாது. நிழல் இல்லாவிட்டால் பள்ளமும் தெரியாது, மலையும் தெரியாது. நிலாவைப் பார்க்க மிக மோசமான நாளில்தான் நமக்குக் கூட்டம் கூடியது. பாதி நிலாவாக இருக்கும்போதுதான் வெயிலும் இருட்டும் சந்திக்கிற ஓரத்தில் எல்லாம் துலக்கமாகத் தெரியும். பாதி நிலா என்றால் வளர்பிறை அஷ்டமி. நம் ஜனங்களோ அஷ்டமி, நவமியில் வீட்டு வாசலில் ஒரு ஆணி கூட அடிக்க மாட்டார்கள்.

நீங்கள் பிடிவாதமாக ஒரு அஷ்டமி சாயங்காலம் தொலைநோக்கியைக் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். நான் முணுமுணுத்துக்கொண்டேதான் கூட வந்தேன். பாதை வெறிச்சோடிக் கிடந்தது. டீக்கடைக்காரர் பார்த்தார். இரண்டு மூன்று பேர் நிற்காமல் போனார்கள். தலைக்கு மேலே நிலா அவ்வளவு அழகாக நின்றது. மூடிக் கட்டும்போது சொன்னீர்கள்: "மொதப் பிறைய பாயோட ஆளுங்க பாக்கறாங்க. பௌர்ணமிய நம்ம ஆளுங்க பாக்கறாங்க. நடுவுல இருக்கிற இதுக்கு யாருமே இல்ல பாரு." அதற்குப் பிறகு உங்களுக்கு ஒரே ஆசைதான் இருந்தது. ஒரு அஷ்டமிக்கு, ஒரே ஒரு அஷ்டமிக்கு, அந்த இடத்தில் ஒரு வரிசை நிற்க வேண்டும்.

நிலாவில் இறங்கப் போன நம் கலம் கடைசி நேரத்தில் தொடர்பை இழந்ததே, அந்தக் காலை எனக்கு மறக்காது. கண் வீங்கி உட்கார்ந்திருந்தீர்கள். காப்பி ஆறிப்போயிற்று. அம்சாக்கா மதிலோரம் வந்து, "அஷ்டமி போயி நவமி பொறந்த நேரத்துல எறக்கினா எப்பிடிம்மா வெளங்கும்?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் உங்களுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. எழுந்து போய் மதிலில் கை வைத்து நின்று பொறுமையாகச் சொன்னீர்கள்: "அக்கா, அங்க விடியற நேரம் பாத்துத்தான் எறக்கணும். அப்பத்தான் கலத்துக்கு வேலை செய்ய வெயில் கெடைக்கும். அவங்க எறங்கற எடத்துல விடியறப்ப நமக்கு அஷ்டமிய ஒட்டித்தான் வரும். நல்ல நேரம்தான்கா. அங்க அது காலங்காத்தால." அம்சாக்காவுக்குப் புரிந்ததோ இல்லையோ, மதியம் உங்களுக்குப் பிடித்த காராமணிக் குழம்பு கொடுத்தனுப்பினார். "மறுபடி போவாங்க, பாரேன்" என்று எனக்குச் சொன்னீர்கள்.

மறுபடி போனார்கள். அதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று நர்ஸ் பெண், "பேஷண்ட் பேரு சொல்லுங்கம்மா" என்றாள். நான் பேனாவைக் கேட்டேன். "எழுத நேரமில்லம்மா, வாயால சொல்லுங்க" என்றாள். எனக்கு நாக்கு எழவில்லை. பயமா, பழக்கமா, தெரியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்த நீங்கள் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கி, உங்கள் பெயரை நீங்களே சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "இன்னிக்கும் வடை உனக்குத்தான்" என்றீர்கள். நீங்கள் என்னிடம் கடைசியாக முழுசாகச் சொன்ன வாக்கியம் அதுதான். எனக்கு அது போதும்.

கலம் இறங்கிய சாயங்காலம் நான் டி.வி. போடவில்லை. தனியாகப் பார்க்கத் தெம்பில்லை. தெருவில் வெடிச் சத்தம் கேட்டது. அம்சாக்கா கை நிறைய சர்க்கரையோடு ஓடிவந்தார். "எறங்கிடுச்சும்மா! நம்மளுது எறங்கிடுச்சு! இந்த வாட்டி அஷ்டமிக்கு முன்னாடியே, சப்தமியில எறக்கினாங்க பாரு, நல்லபடியா எறங்கிடுச்சு!" எனக்குக் கோபமும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் வாயைப் பொத்துவதற்குள் என் வாயில் சர்க்கரையைப் போட்டுவிட்டார். மாடிக்குப் போனேன். ஏறக்குறைய பாதி நிலா. பக்கத்தில் நீங்கள் இல்லை. உங்கள் பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு தொலைநோக்கி கீழே மூலையில் நின்றது. அன்றும் அதைத் தொடவில்லை, அப்புறமும் தொடவில்லை. டீக்கடைக்காரர் மட்டும் எங்கே பார்த்தாலும், "பௌர்ணமிக்கு ஜனங்க கேக்கறாங்கம்மா, அந்த நிலா சாரு எங்கன்னு" என்பார்.

பாய் கடையில் அந்த வாசனையில் உட்கார்ந்திருந்தபோது இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. பாயும் அதையேதான் கேட்டார்.

"டெலஸ்கோப்பு என்னம்மா ஆச்சு?"

"மூலையில தூங்குது."

"வர்ற பௌர்ணமிக்கு எடுத்துட்டுப் போலாம்மா. நம்ம குட்டியானை வண்டி இருக்குது, நானே ஓட்டிட்டு வர்றேன்."

"பௌர்ணமிக்கு வேணாம் பாய். அஷ்டமிக்குப் போலாம். அவரு ஆசை அதான்."

"அஷ்டமிக்கு யாரும்மா வருவாங்க? நானே அன்னிக்குக் கடையில ஈ ஓட்டிட்டு இருப்பேன்."

அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. அஷ்டமி என்றால் எங்கள் பதிவு ஆபீஸிலும் ஈதான் ஓட்டுவோம். முகூர்த்த நாளில் நிற்க இடமிருக்காது. அஷ்டமியன்று பத்திர எழுத்தர்கள் வேப்பமரத்தடியில் தூங்குவார்கள். யாரும் அன்று நிலம் வாங்க மாட்டார்கள். கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, புதுமனை புகுவிழா இல்லை. அப்படியென்றால் அன்று வேலையில்லாமல் இருப்பவர்கள் யார் யார்? இத்தனை வருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தும் எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

"பாய், மேளக்காரங்க அன்னிக்கு என்ன பண்ணுவாங்க?"

"வீட்லதான் இருப்பாங்க."

"கல்யாணச் சமையல்காரங்க? பந்தல் போடறவங்க? போட்டோக்காரரு?"

பாயின் முகம் மெதுவாக மலர்ந்தது. கல்யாணச் சாமான் எல்லாம் அவர் கடையிலிருந்துதானே போகிறது? ஊரில் இருக்கிற மேளம், சமையல், பந்தல் எல்லோருடைய போன் நம்பரும் அவரிடம் இருக்கிறது. "ஜாஸ்தி வேணாம்மா, பாதிப் பேரு வந்தாலே போதும்" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். பேசிய முதல் ஆளிடமே, "அண்ணே, அஷ்டமிக்கு ஒரு விசேஷம் வச்சிருக்கோம்" என்றார். அந்தப் பக்கம் அவர் திகைத்திருப்பார்.

நேற்றுதான் அந்த அஷ்டமி. சாயங்காலமே குட்டியானையில் தொலைநோக்கியை ஏற்றிக்கொண்டு போனோம். அம்சாக்கா வாசலில் நின்று, "இன்னிக்குப் போயி..." என்று ஆரம்பித்தவர், என்ன நினைத்தாரோ, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவரும் வண்டியில் ஏறிக்கொண்டார். அடி அண்ணாமலையில் பாதை அன்றைக்கு மாதிரியே காலியாகக் கிடந்தது. டீக்கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். நான் உங்கள் வேட்டியை எடுத்து மடித்து வைத்தேன். நிலா தலைக்கு மேலே பளிச்சென்று இருக்கிறது, குழாய்க்குள் மட்டும் அகப்படவில்லை. இப்படியும் அப்படியும் திருப்பினேன். வெறும் இருட்டு. யாரும் வரப்போவதில்லை, வந்தாலும் காட்ட எனக்குத் தெரியப்போவதில்லை என்று தோன்றியது. "இழுக்காத, தடவு" என்று நீங்கள் சொல்வீர்களே, அது ஞாபகம் வந்தது. விரல் நுனியால் மெதுவாகத் தள்ளினேன். நிலா உள்ளே வந்து உட்கார்ந்தது.

நிமிர்ந்தபோது ஒரு வேன் வந்து நின்றிருந்தது. சமையல்காரப் பெண்கள் சலசலவென்று இறங்கினார்கள். பின்னால் மோட்டார் சைக்கிளில் நாயனக்காரரும் தவில்காரரும். பந்தல்காரர்கள் நாற்காலிகளையே கொண்டுவந்து போட்டார்கள். போட்டோக்காரர் குடும்பத்தோடு வந்தார். எங்கள் ஆபீஸ் வேப்பமரத்தடி பத்திர எழுத்தர்கள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, "மேடம், நாங்களும் சும்மாதான் இருந்தோம்" என்றார்கள். அண்ணாமலையாரைச் சுற்றி வந்துகொண்டிருந்த நாலைந்து பேரும் என்ன கூட்டம் என்று நின்றுவிட்டார்கள். வரிசை டீக்கடையைத் தாண்டிப் போனது. பாருங்களேன்! அஷ்டமிக்கு வரிசை! நான் தலைகளை எண்ணிக்கொண்டே நின்றேன். பாய்தான், "பேசுங்கம்மா, சாரு மாதிரி பேசுங்க" என்று முதுகுக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

முதலில் சமையல்கார அம்மா கண்ணை வைத்தார். "ஐயோ சாமி! பணியாரக் கல்லு மாதிரி குழி குழியா இருக்குதே!" என்று கத்தினார். வரிசையே சிரித்தது. இத்தனை பௌர்ணமியில் ஒருவர் கூட அப்படிக் கத்தியதில்லை. அம்சாக்கா பார்த்தவர் நகரவே மாட்டேன் என்று நின்றார். பின்னாலிருந்தவர்கள் சத்தம் போட்ட பிறகு என் காதருகில் வந்து, "சாருகிட்ட நான் அப்பிடிச் சொல்லிருக்கக் கூடாதும்மா" என்றார். "அதுக்குத்தான் காராமணிக் குழம்பு குடுத்தீங்களேக்கா, சரியாப் போச்சு" என்றேன்.

நாயனக்காரர் வெகுநேரம் பார்த்தார். "ஓரத்துல, இருட்டுக்குள்ள, ஒரு புள்ளி மட்டும் தனியா மின்னுதேம்மா, அது என்ன?" என்று கேட்டார்.

"அது மலை உச்சிங்க. அடிவாரத்துல இன்னும் விடியல. உச்சியில மட்டும் வெயில் பட்டிருக்குது."

அவர் தலையைத் தூக்கி நம் மலையைப் பார்த்தார். மறுபடி குனிந்து அந்தப் புள்ளியைப் பார்த்தார். "தீபத்தன்னிக்கு மாதிரி" என்று மட்டும் சொன்னார்.

நான் உங்கள் கதைகளைச் சொன்னேன். கப்பல், கடல், நட்சத்திரம், சைக்கிள், ஜவ்வாது மலை. நடுநடுவே தடுமாறினேன். எந்தக் கப்பலில் யார் என்று ஒருமுறை மாற்றிச் சொல்லித் திருத்திக்கொண்டேன். "யாரும்மா அவங்கல்லாம்?" என்று கேட்டார்கள். "பேரு சொல்ல மாட்டேன். போய்த் தேடிப் பாருங்க" என்றேன். டார்ஜிலிங் மலைக்காரம்மா பெயரை மட்டும் சொல்லி, சமையல்காரப் பெண்களைத் திருப்பிச் சொல்ல வைத்தேன்.

எல்லாம் முடிகிற நேரத்தில் தவில்காரர் குழாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அடியில ஒரு கண்ணாடி இருக்குதே, அதத் தேய்ச்சது யாரும்மா?" என்றார். பத்திர எழுத்தர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "மேடம் அதுக்கும் போய்த் தேடிப் பாருன்னுதான் சொல்லுவாங்க" என்றார்.

எங்கே போய்த் தேடுவார்கள்? எந்தப் புத்தகத்தில் இருக்கிறீர்கள் நீங்கள்? உங்கள் பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொள்ளவும் நமக்கு ஒரு பிள்ளை இல்லை. ஜவ்வாது மலைக் கண்ணாடியில் உலகமே வானத்தைப் பார்த்தது. அதைத் துடைத்த கை யாருடையது என்று எங்கேயும் எழுதியிருக்காது.

"தேடினாலும் கெடைக்காதுங்க. அதனால நானே சொல்றேன்" என்றேன்.

சொன்னேங்க. ஊர் பெயர், தகப்பனார் பெயர், உங்கள் பெயர், பத்திரத்தில் எழுதுகிற வரிசையில், வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து வாயில் வராத பெயர் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. பாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பத்திர எழுத்தர், "இத்தனை வருஷமாப் பழகறோம், சாரு பேரு இதுதானா மேடம்!" என்றார். சமையல்கார அம்மா யாரும் கேட்காமலே அதைத் திருப்பிச் சொன்னார். மற்றவர்களும் சொன்னார்கள். அம்சாக்கா எல்லோரையும் விடச் சத்தமாகச் சொன்னார். உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே டீ குடிக்கப் போனார்கள்.

டீக்கடைக்காரர் கொடுத்த வடையை நான் சாப்பிடவில்லை. மடித்து வைத்திருந்த உங்கள் வேட்டி மேல் வைத்தேன்.

அடுத்த அஷ்டமிக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கேட்கிறவர்களுக்கெல்லாம் இனி உங்கள் பெயரைச் சொல்வேன். இந்த மடலில் மட்டும் எங்கேயும் அதை எழுதவில்லை, கவனித்தீர்களா? ஊருக்குத்தான் பெயர் வேண்டும். உங்களைக் கூப்பிட எனக்கு, என்னங்க, இது ஒன்று போதும்.